எடை குறைந்த மிதிவண்டி

1972ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள். மெக்சிகோ நகரின் வட்டப் பந்தயத் தடத்தில் பெல்ஜிய நாட்டு வீரர் எடி மெர்க்ஸ் ஒரு மணி நேரம் இடைவிடாது மிதிவண்டி ஓட்டினார். அந்த ஒரு மணி நேரத்தில் அவர் கடந்த தொலைவு 49.431 கிலோமீட்டர். அது அந்நாளில் உலக சாதனை. அவர் ஓட்டிய வண்டியை இத்தாலியைச் சேர்ந்த எர்னெஸ்டோ கொல்னாகோ அவருக்கென்றே செய்து கொடுத்திருந்தார். மெல்லிய எஃகுக் குழாய்களால் ஆன அவ்வண்டியின் எடை ஏறத்தாழ ஐந்தே முக்கால் கிலோ. கைப்பிடியிலும் சங்கிலியிலும்கூடத் துளையிட்டு, கிராம் கிராமாக எடையைக் குறைத்திருந்தார் கொல்னாகோ. இந்தியத் தெருக்களில் பால் கொண்டுவருவோர் ஓட்டும் உறுதியான மிதிவண்டியின் எடை ஏறத்தாழ 20 கிலோ என்பதை எண்ணிப் பார்த்தால், அந்தக் கைத்திறன் விளங்கும்.

ஆனால், மெர்க்ஸின் வண்டிக்குப் பிரேக் இல்லை, கியர் இல்லை. மேடுபள்ளம் அற்ற தடத்தில் ஒரு மணி நேரம் ஓடுவதற்காக அது செய்யப்பட்டது. சாலையில் ஓடும் வண்டியின் நிலை வேறு. குழி, வேகத்தடை, மழை, செங்குத்தான இறக்கம் ஆகிய அனைத்தையும் அது பல ஆண்டுகள் தாங்க வேண்டும். ஆகவே, எடை குறைந்த சாலை மிதிவண்டியைச் செய்பவர் இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். எங்கே குறைக்கலாம்? எங்கே குறைக்கக் கூடாது?

அளவெடுத்தல்

ஒருவருக்கெனச் செய்யப்படும் மிதிவண்டி, அளவெடுத்துத் தைத்த சட்டையைப் போன்றது. தையற்காரர் துணியை வெட்டுவதற்கு முன் உடலை அளப்பது போல, வண்டி செய்பவரும் முதலில் ஓட்டுபவரின் காலின் உள்நீளம், கையின் நீளம், தோளின் அகலம் ஆகியவற்றை அளக்கிறார்.

இருக்கையின் உயரத்திற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. அதனைப் பரவலாக அறியச் செய்தவர் அமெரிக்கப் பந்தய வீரர் கிரெக் லெமாண்ட். காலின் உள்நீளத்தை 0.883ஆல் பெருக்க வேண்டும். பெடல்கள் சுழலும் அச்சின் நடுவிலிருந்து இருக்கையின் மேற்பகுதி வரை உள்ள தொலைவு அதுவாகும். உள்நீளம் 80 சென்டிமீட்டர் எனில், இருக்கையின் உயரம் 70.6 சென்டிமீட்டர். இது தொடக்க அளவே. ஓட்டிப் பார்த்துச் சிறிது கூட்டியோ குறைத்தோ கொள்ள வேண்டும்.

உடலுக்குப் பொருந்தாத வண்டி எவ்வளவு எடை குறைந்ததாக இருந்தாலும் முழங்காலையும் முதுகையும் வருத்தும். எனவே தராசுக்கு முன்னர் அளவுநாடாவுக்கே வேலை வருகிறது.

சட்டகம்

மிதிவண்டியின் உடலாகிய சட்டகத்தை எஃகு, அலுமினியம், டைட்டானியம், கார்பன் இழை ஆகியவற்றுள் ஒன்றால் செய்வர். ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. அதே பருமனுள்ள எஃகு 7.8 கிலோவும், டைட்டானியம் 4.5 கிலோவும், அலுமினியம் 2.7 கிலோவும் இருக்கும். பிசினில் தோய்த்து இறுக வைத்த கார்பன் இழை ஏறத்தாழ 1.6 கிலோதான் இருக்கும்.

எஃகு கனமானது என்பதற்காக அதனை ஒதுக்கிவிட முடியாது. அது வலிமை மிக்கது. ஆகையால் மிக மெல்லிய குழாயாகச் செய்தாலும் தாங்கும். குழாய்கள் ஒன்றோடொன்று சேரும் மூட்டுகளில்தான் விசை மிகுதியாகத் தாக்குகிறது. பற்றவைக்கும் வெப்பமும் அவ்விடத்தை வலுவிழக்கச் செய்கிறது. எனவே, இரு முனைகளிலும் தடித்தும் நடுவில் மெலிந்தும் இருக்கும் குழாய்களை உருவாக்கினர். 1897ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் ஆல்ஃபிரட் ரெனால்ட்ஸும் ஹெவிட்டும் இம்முறைக்குக் காப்புரிமை பெற்றனர். பிற்காலத்தில் இத்தாலியில் புகழ்பெற்ற ஒரு வகைக் குழாயின் சுவர் முனைகளில் 0.9 மில்லிமீட்டரும் நடுவில் 0.6 மில்லிமீட்டரும் தடிமன் கொண்டது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு தெரியாது.

கார்பன் இழையின் இயல்பு வேறு. மூங்கிலை நீளவாக்கில் எளிதில் பிளக்கலாம். குறுக்கே முறிப்பது கடினம். கார்பன் இழையும் அவ்வாறே தான் ஓடும் திசையில் மட்டும் மிகுந்த வலிமை காட்டும். ஆகவே இழைத்தாள்களை வெவ்வேறு கோணங்களில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகின்றனர். விசை மிகும் இடங்களில் கூடுதல் அடுக்குகளும், குறையும் இடங்களில் சில அடுக்குகளும் வைப்பர். இவ்வாறு செய்யப்படும் உயர்தரச் சட்டகம் ஒரு கிலோவுக்கும் குறைவாக இருக்கும்.

சக்கரம்

மாட்டுவண்டிச் சக்கரத்தின் நடுப்பகுதியைக் குடம் என்றும், அதிலிருந்து விரியும் கட்டைகளை ஆரக்கால் என்றும், வெளிவளையத்தை வட்டை என்றும் தமிழர் அழைத்தனர். அங்கே மர ஆரக்கால் தூணைப் போல நின்று பாரத்தைத் தாங்குகிறது. மிதிவண்டியின் மெல்லிய ஆரக்கம்பியோ அவ்வாறு நிற்க முடியாது, வளைந்துவிடும். எனவே எல்லாக் கம்பிகளையும் இழுத்து முறுக்கி வைக்கின்றனர். அந்த இழுவிசையே சக்கரத்தை வட்டமாகவும் உறுதியாகவும் வைத்திருக்கிறது.

இந்தியாவின் பழைய வகை மிதிவண்டியில் முன்சக்கரத்திற்கு 32, பின்சக்கரத்திற்கு 40 எனக் கம்பிகள் இருக்கும். எடை குறைந்த சக்கரங்களில் முன்னே 20, பின்னே 24 என்ற அளவும் உண்டு. இக்கம்பிகளும் சட்டகக் குழாய்களைப் போலவே முனைகளில் தடித்து, நடுவில் மெலிந்திருக்கும். ஆனால், கம்பிகள் குறையக் குறைய ஒவ்வொன்றும் சுமக்கும் பங்கு கூடுகிறது. ஒன்று அறுந்தாலும் சக்கரம் மிகவும் கோணலாகிவிடும். ஆகையால் எடை மிகுந்தவருக்கும், கரடுமுரடான சாலையில் செல்பவருக்கும் கூடுதல் கம்பிகள் வைப்பதே முறை. சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்து, கம்பிகளை ஒவ்வொன்றாக முறுக்கியும் தளர்த்தியும் கோட்டம் எடுப்பது பொறுமை மிக்க வேலை. எத்துணை விலையுயர்ந்த சக்கரமானாலும் இவ்வேலை இன்றி நேராக ஓடாது.

சக்கரத்தின் ரிம் வண்டியோடு முன்னே செல்கிறது, தானும் சுழல்கிறது. எனவே வேகத்தைக் கூட்டும்போது ரிம்மில் உள்ள ஒரு கிராம், சட்டகத்தில் உள்ள இரண்டு கிராமுக்கு நிகரான ஆற்றலைக் கேட்கிறது.

பொருத்துதல்

உறுப்புகளை ஒன்று சேர்க்கும்போது செய்பவரின் பொறுப்பு மேலும் கூடுகிறது. மெல்லிய உறுப்புகளைத் தளர்வாக முடுக்கினால் நழுவும். மிகையாக முடுக்கினால் விரிசல் விடும். ஆகவே முறுக்குவிசையை அளந்து காட்டும் ஸ்பேனரைப் பயன்படுத்துகின்றனர். கைப்பிடியை இறுக்கும் திருகுகளுக்குப் பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர் அளவு குறிக்கப்பட்டிருக்கும். ஒரு மீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் அரைக் கிலோ எடையைத் தொங்கவிட்டால் உண்டாகும் முறுக்குவிசை ஏறத்தாழ அவ்வளவே.

இந்தக் கவனம் ஏன் வேண்டும் என்பதற்கு 2006ஆம் ஆண்டு பிரான்சில் நடந்த பாரிஸ்–ரூபே பந்தயம் சான்றாகும். அமெரிக்க வீரர் ஜார்ஜ் ஹின்காபி கல் பாவிய பாதையில் முன்னணியினரோடு விரைந்துகொண்டிருந்தார். அப்போது, முன்சக்கரத்தைத் தாங்கும் கவையையும் கைப்பிடியையும் இணைக்கும் தண்டு முறிந்தது. கைப்பிடி அவர் கையோடு வந்துவிட்டது. வண்டியைத் திருப்ப வழியின்றி அவர் கீழே விழுந்தார், தோளில் காயமடைந்தார். அதற்கு முன்னரே அதே பந்தயத்தில் அவர் ஒருமுறை விழுந்திருந்தார். ஒரு முறை அடிபட்ட உறுப்பு மேலுக்கு நன்றாகத் தோன்றினாலும் உள்ளே பழுதுபட்டிருக்கக் கூடும். எஃகு பெரும்பாலும் வளைந்து எச்சரிக்கும். கார்பன் எச்சரிக்காமலே முறியக் கூடும். அதனால் கார்பன் சட்டகத்தை நாணயத்தால் மெல்லத் தட்டி, ஓசை எங்கேனும் மந்தமாகிறதா எனச் செவிகொடுத்துக் கேட்பது வழக்கம்.

எவ்வளவு குறைத்தால் போதும்?

60 கிலோ எடையுள்ள ஒருவர் 20 கிலோ வண்டியில் ஒரு மலைச்சாலையை ஒரு மணி நேரத்தில் ஏறுவதாகக் கொள்வோமானால், மேலே செல்லும் மொத்த எடை 80 கிலோ. அவரே அதே உழைப்பில் 8 கிலோ வண்டியில் ஏறினால், மொத்தம் 68 கிலோ. ஏறத்தாழ 9 நிமிடம் மிச்சமாகும். அந்த 8 கிலோவை 7 கிலோவாகக் குறைத்தால் மேலும் மிச்சமாவது ஒரு நிமிடத்திற்கும் குறைவு. ஆனால், அந்தக் கடைசி ஒரு கிலோவைக் குறைக்கத்தான் செலவு மிகுதி. முக்கால் லிட்டர் தண்ணீர் நிறைந்த குப்பியே முக்கால் கிலோ இருக்கும். சமதளச் சாலையிலோ, வேகம் கூடும்போது எடையைவிடக் காற்றே பெருந்தடையாக நிற்கிறது.

எடைக் குறைப்புப் போட்டி பாதுகாப்பைக் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காகப் பன்னாட்டு மிதிவண்டி ஒன்றியம் ஓர் எல்லை வகுத்தது. 2000ஆம் ஆண்டு முதல், அதன் பந்தயங்களில் ஓடும் வண்டி 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது. இன்றைய தொழில்நுட்பத்தால் அதைவிட எடை குறைந்த வண்டியைச் செய்ய முடியும். எனினும் பந்தயத்தில் அதற்கு இடமில்லை.

எடி மெர்க்ஸின் சாதனை வண்டி இன்று பிரஸ்ஸல்ஸ் நகரில், அவர் பெயரையே தாங்கிய மெட்ரோ நிலையத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. அதன் வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. சாலை மிதிவண்டியின் வேலையோ அவ்வாறு முடிவதில்லை. புறப்பட்டவரை ஒவ்வொரு நாளும் அது நலமாக வீடு கொண்டுவந்து சேர்க்க வேண்டும். நல்ல கைவினைஞர் எடுத்துவிட்ட கிராம்களை மட்டும் எண்ணுவதில்லை. எடுக்காமல் விட்டுவைத்த கிராம்களையும் அறிந்து வைத்திருக்கிறார்.

சொல்லும் பொருளும்

சட்டகம் – வண்டியின் உறுப்புகளைத் தாங்கும் உடற்பகுதி
கவை – இரண்டாகப் பிரிந்த கிளை போன்ற அமைப்பு
கோட்டம் – வளைவு, கோணல்
இழுவிசை – இழுத்துப் பிடிக்கும் விசை
முறுக்குவிசை – திருகும்போது உண்டாகும் விசை

பயிற்சி

1. சட்டகக் குழாயும் ஆரக்கம்பியும் முனைகளில் தடித்திருப்பது ஏன்? இரண்டு தொடர்களில் எழுதுக.
2. மாட்டுவண்டியின் ஆரக்காலும் மிதிவண்டியின் ஆரக்கம்பியும் பாரத்தைத் தாங்கும் முறையில் எவ்வாறு வேறுபடுகின்றன?
3. உம் காலின் உள்நீளத்தை அளந்து, உமக்கு ஏற்ற இருக்கையின் உயரத்தைக் கணக்கிடுக.
4. உம் வீட்டிலோ தெருவிலோ உள்ள ஒரு மிதிவண்டியின் ஆரக்கம்பிகளை எண்ணி எழுதுக. அது யாருக்காக, எவ்வேலைக்காகச் செய்யப்பட்டது என விளக்குக.
5. பந்தய மிதிவண்டிக்கு எடை எல்லை தேவையா? வகுப்பில் கலந்துரையாடி உம் கருத்தை ஐந்து தொடர்களில் எழுதுக.