ஸ்லாட்டில் ஏறிய கார்டு சர்வரில் ஓடுமா?

அருப்புக்கோட்டை வட்டாரத்தில் நூற்பாலை என்றாலும் நூல் வியாபாரம் என்றாலும் அலுவலக மூலையில் ஒரு சர்வர் ஓடிக்கொண்டிருக்கும். டேலி கணக்கு, சம்பளப் பட்டியல், ஜி.எஸ்.டி. எல்லாம் அதில்தான். ஆண்டு விற்பனை 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயமாகிவிட்டதால், சர்வர் அரை நாள் படுத்தாலும் லோடு கிளம்புவது சிக்கலாகிறது.

சர்வர் மெதுவாகும்போது, வேகமான நெட்வொர்க் கார்டோ எஸ்.எஸ்.டி. கார்டோ வாங்கி மாட்டிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். பணம் வீணாவதும் இங்கேதான்.

இந்தக் கார்டுகள் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் முறையில் இயங்குபவை. இன்டெல் நிறுவனத்தில் இதை உருவாக்கியவர்களில் முக்கியமானவர், பரோடாவில் படித்த அஜய் பட். 3-ம் தலைமுறை 2010-லும், 4-ம் தலைமுறை 2017-லும், 5-ம் தலைமுறை 2019-லும் வந்தன. ஒவ்வொன்றிலும் வேகம் இரட்டிப்பு. தலைமுறை மாறினாலும் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. கார்டு செருகும் இடமான ஸ்லாட் பழையதென்றாலும் புதிய கார்டு ஓடும், பழைய வேகத்தில்.

சிக்கல் 'லேன்', அதாவது தரவு ஓடும் தடங்களின் கணக்கில் இருக்கிறது. 3-ம் தலைமுறையில் ஒரு லேன் விநாடிக்குச் சுமார் 1 ஜி.பி. கடத்தும். 16 லேன் நீளமுள்ள சில ஸ்லாட்டுகளில் உள்ளே 8 அல்லது 4 லேன்தான் இணைத்திருப்பார்கள். கண்மாய் மடை எவ்வளவு அகலமாக இருந்தாலும் வாய்க்கால் குறுகலென்றால் அவ்வளவு தண்ணீர்தான் வரும்.

நான்கு என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி.களைத் தாங்கும் சாதாரண அடாப்டர் கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் 4 லேன் தேவை. 16 லேனை நான்காகப் பிரிக்கும் 'பைஃபர்கேஷன்' வசதி அந்த சர்வரின் பயாஸில் இல்லையென்றால், ஒரே ஒரு எஸ்.எஸ்.டி. மட்டும் தென்படும். கார்டு பழுது என்று கடைக்காரரிடம் சண்டை போடுவோம். கார்டில் ஒரு குறையும் இருக்காது.

இரண்டு பிராசசர் போடும் சர்வரில் இன்னொரு வலை உண்டு. சில ஸ்லாட்டுகள் இரண்டாவது பிராசசரோடு மட்டும் இணைந்தவை. அந்தப் பிராசசரின் இடம் காலியாக இருந்தால் அந்த ஸ்லாட்டுக்கு உயிரே இருக்காது. விலையைக் குறைக்க ஒரே பிராசசரோடு வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

மின்சாரமும் சூடும் அடுத்த கவலை. ஸ்லாட் வழியாக ஒரு கார்டுக்குக் கிடைப்பது அதிகபட்சம் 75 வாட்; சில ஸ்லாட்டுகளில் 25 வாட்தான். சர்வர் கார்டுகள் பலவற்றில் தனி விசிறி இருக்காது. பெட்டியின் காற்றோட்டத்தை நம்பியே இருக்கும். நம் கரிசல்காட்டு வெயிலில், பஞ்சுத்தூசி அடைத்த சர்வரில் அப்படி ஒரு கார்டைச் செருகுவது ஆபத்து. பெட்டியின் உயரத்துக்குப் பொருந்துவது அரை உயரக் கார்டா முழு உயரக் கார்டா என்பதையும் அளந்துவிடுங்கள்.

எல்லாவற்றிலும் பயப்பட வேண்டியது, பல டிஸ்க்குகளை ஒரே வரிசையாக இயக்கும் ரெய்டு கார்டை மாற்றும்போதுதான். ஒரு கம்பெனி கார்டு அமைத்த டிஸ்க் வரிசையை வேறு கம்பெனி கார்டு பெரும்பாலும் படிக்காது. டிஸ்க்கைப் புதிதாக அமைக்கவா என்று திரையில் கேட்கும்போது அவசரத்தில் 'யெஸ்' தட்டினால் பல வருடக் கணக்கு போய்விடும். முழு பேக்கப் எடுத்து, அதைத் திறந்து பார்த்த பிறகே பெட்டியைக் கழற்ற வேண்டும்.

விண்டோஸ் சர்வர் 2012-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2023 அக்டோபரில் நிறுத்திவிட்டது. இன்னும் அதிலேயே ஓடும் அலுவலகங்களில் புதிய கார்டுக்கு டிரைவர் கிடைக்காமல் போகலாம்.

திருச்சுழியிலிருந்து மதுரைக்குப் போய்க் கார்டை மாற்றி வருவது ஒரு நாள் வேலை. அதற்கு முன்பு சர்வரின் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, தயாரிப்பாளர் இணையதளத்தில் அந்த மாடலின் கையேட்டில் ஸ்லாட் அட்டவணையைப் பாருங்கள். கடையில், 'இந்த மாடலில் ஓடாவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வோம்' என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.