சவ்வாது மலை மலையாளி மக்களின் புல்வேய்ந்த குடில்: கூரையும் பரணும்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான சவ்வாது மலை திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரவியுள்ளது. இங்கு வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். இப்பெயருக்கும் கேரளத்துக்கும் தொடர்பில்லை. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்கள் என்பதே அவர்களது வாய்மொழி மரபு. இவர்களின் பழைய குடிலை உறைவிடமாக மட்டும் காண்பது அதன் கட்டமைப்பில் பாதியைக் காணாது விடுவதாகும். அது தானியக் களஞ்சியமுமாகும்.

குடிலின் பொருள்கள் யாவும் மலையே தருபவை. நடப்பட்ட மரக்கால்கள் கூரையின் சுமையைத் தாங்குகின்றன. பிளந்த மூங்கிலைப் படலாகப் பின்னி, அதன் இருபுறமும் மண் பூசிச் சுவர் எழுப்புகின்றனர். கூரை காட்டுப்புல்லால் வேயப்படுவது. புல் தன்னளவில் நீரைத் தடுப்பதன்று. சரிவு செங்குத்தாக இருந்தால்தான் மழைநீர் மேற்பரப்பிலேயே வழிந்தோடும். தாழ இறங்கும் இறவாணம் மண்சுவரைச் சாரலிலிருந்து காக்கிறது. குனிந்தே நுழைய வேண்டியிருப்பது வறுமையின் அடையாளமன்று. மண்சுவர் கேட்கும் விலை அது.

சுவருக்கு மேல், கூரைச் சரிவுக்குள் அமைவது பரண். சாமை, கேழ்வரகு முதலியன இங்குச் சேமிக்கப்படும். கீழே எரியும் அடுப்பின் புகைக்குப் போக்கி இல்லை. அது பரணைச் சூழ்ந்து, புல்லின் இடுக்குகள் வழியே மெல்ல வெளியேறுகிறது. அவ்வாறு செல்கையில் தானியத்தின் ஈரத்தைப் போக்கி, மூங்கிலையும் புல்லையும் பூச்சிகளிடமிருந்து காக்கிறது. இதே புகை சமைப்பவரின் கண்ணுக்கும் நுரையீரலுக்கும் கேடு என்பதையும், புற்கூரை எளிதில் தீப்பற்றும் என்பதையும் மறைத்து இக்குடிலைப் போற்றுவது நேர்மையாகாது.

இம்மலையடிவாரத்துச் செங்கம், மலைபடுகடாம் பாடும் நன்னனின் செங்கண்மா. சவ்வாது மலையில் தோன்றும் செய்யாறு, அந்நூல் கூறும் சேயாறு. கூத்தர் செல்லும் வழியில் புல்லால் வேய்ந்த குடில்கள் இருந்தமையையும் அந்நூல் சுட்டுகிறது. அக்குடில்களை மலையாளிகளின் முன்னோருடையவை எனக் கொள்ளச் சான்றில்லை. ஆயினும், இந்நிலப்பகுதியில் புற்கூரையின் பழமையை உணர்த்த அக்குறிப்பே போதும்.

2030-க்குள் குடிசையில்லாத் தமிழ்நாட்டை உருவாக்கும் நோக்குடன் கலைஞர் கனவு இல்லத் திட்டம் 2024-இல் அறிவிக்கப்பட்டது. வீடொன்றுக்கு ரூ. 3.5 லட்சம் செலவில் 360 சதுர அடிக் கான்கிரீட் வீடு கட்ட அது வழிசெய்கிறது. தீயும் மழையும் அஞ்சி வாழ்வோர்க்கு இதன் தேவை வெளிப்படை. ஆனால் தட்டைக் கூரையின்கீழ் பரணுக்குரிய சரிவு இல்லை. புகைக்கு வழியும் இல்லை. தானியத்தின் இருப்பிடம் வரைபடத்திலேயே தீர்மானிக்கப்பட வேண்டியதாகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுப்பட்டியல் கூரை, சுவர், தரை ஆகியவற்றின் பொருள்களை வினவியது. சமையலறை உண்டா என்றும் வினவியது. தானியம் எங்கே வைக்கப்படுகிறது என்னும் வினா அதில் இடம்பெறவில்லை.