பத்து ராகம், மூன்று பெட்டி!

சிந்தசைசர் போன்ற எலெக்ட்ரானிக் கருவிகளை வாசித்தே ஒருவர் ஆயுள் முழுக்கப் பிழைக்க முடியுமா? முடியும் என்று காட்டிய ஒருவர் நம் மும்பையிலேயே வாழ்ந்தார். அவர் பெயர் சரண்ஜித் சிங்.

இந்தி சினிமா ஆர்க்கெஸ்ட்ராவில் கிடார் வாசித்தவர். சங்கர்-ஜெய்கிஷன், ஆர்.டி.பர்மன் போன்ற பெரிய இசையமைப்பாளர்களிடம் வேலை பார்த்தார். பாட்டு ஊரெங்கும் ஒலிக்கும். வாசித்தவர் பெயர் யாருக்கும் தெரியாது.

புதுக் கருவிகள்

1980-களின் தொடக்கத்தில் ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி மூன்று கருவிகளை விற்பனைக்கு விட்டது. ஜூபிடர்-8 என்பது சிந்தசைசர். டி.ஆர்.-808 தாளப் பெட்டி. டி.பி.-303, கிடார்காரருக்குத் துணையாக 'பேஸ்' ஒலி எழுப்பும் சின்னப் பெட்டி.

சிங் மூன்றையும் ஒன்றாக இணைத்தார். பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து 1982-ல் பதிவு செய்தார். அதில் யமன் உண்டு, நம் கல்யாணி. மால்கௌன்ஸ் உண்டு, நம் இந்தோளம்.

ராகத்தின் உயிர், சுரம் விட்டுச் சுரம் இழைந்து போவதில் இருக்கிறது. ஹார்மோனியத்தில் அது வராது. இந்தப் பெட்டிகளில் வந்தது. அதைக் கண்டுபிடித்தது ராகம் பழகிய அவரது காது.

ஆனால், இசைத்தட்டு விலை போகவில்லை!

வேலை போனவர்கள்

அதே கருவிகள் பலர் வயிற்றில் அடித்ததும் உண்மை. வரிசையாக உட்கார்ந்து வயலின் வாசித்தவர்களின் வேலையை, பின்னாளில் ஒரே கீபோர்டு பார்த்தது. கம்ப்யூட்டர் வந்ததும் ஆபீஸ் டைப்பிஸ்டுகளுக்கு நேர்ந்த கதிதான்.

சிங் தப்பியது எப்படி? அவர் ஒரே கருவியை நம்பி இருக்கவில்லை. கிடார், பேஸ், சிந்தசைசர் மூன்றும் கைவசம் இருந்தன. சினிமாப் பாட்டுகளைக் கருவியில் வாசித்து இசைத்தட்டுகள் வெளியிட்டார். கல்யாண வரவேற்புகளிலும் வாசித்தார். கௌரவம் பார்க்கவில்லை.

தேடி வந்த புகழ்

1987-ல் அமெரிக்காவின் சிகாகோ இளைஞர்கள் அதே டி.பி.-303-ஐ வைத்து 'ஆசிட் ஹவுஸ்' என்ற நடன இசையைப் பரப்பினார்கள். அந்தக் கருவியின் உற்பத்தியையே கம்பெனி 1984-ல் நிறுத்தியிருந்தது.

2010-ல் நெதர்லாந்துக்காரர்கள் சிங்கின் இசைத்தட்டை மறுபடி வெளியிட்டார்கள். கேட்டவர்கள் திகைத்தார்கள். ஏறக்குறைய அதே ஒலி, ஐந்து ஆண்டு முன்னதாகவே பம்பாயில் பதிவாகி இருக்கிறதே! எழுபது வயதுக்கு மேல் ஐரோப்பிய மேடைகளில் வாசித்தார். 2015-ல் காலமானார்.

புகழ் வர 28 ஆண்டு ஆயிற்று. அதுவரை குடும்பத்தைக் காப்பாற்றியது அன்றாட வாசிப்பு.

உங்கள் பையன் கீபோர்டு கேட்கிறானா? முடிந்தால் வாங்கிக் கொடுங்கள். கூடவே நல்ல பாட்டு வாத்தியாரிடமும் சேர்த்து விடுங்கள். கருவி பத்து வருஷத்தில் பழசாகிவிடும்; படித்த சுரம் கடைசி வரை சோறு போடும்.