முட்டி வலிக்குச் சொந்த இரத்த ஊசி: பணம் கட்டும் முன் படியுங்கள்

சூலியா தெருவின் பழைய கடைவீடுகளில் மாடிப்படி செங்குத்தாக இருக்கும். அஞ்சடியில் நடந்தாலும் கடைக்குக் கடை ஒரு மேடு, ஒரு பள்ளம். முட்டி தேய்ந்தவர்களுக்கு இது அன்றாடச் சோதனை. "உங்கள் இரத்தத்தையே எடுத்து முட்டியில் போட்டால் தேய்ந்தது வளர்ந்துவிடும்" என்று யாராவது சொன்னால், கேட்கத்தான் தோன்றும். இந்தச் சிகிச்சையின் பெயர் பி.ஆர்.பி.

அது என்ன?

வீட்டில் யாருக்காவது டிங்கிக் காய்ச்சல் வந்தபோது "பிளேட்லெட் இறங்கிவிட்டது" என்று மருத்துவர் சொல்லியிருப்பார். அதே பிளேட்லெட்தான் இது. புத்தகத்தில் தட்டணு என்று எழுதுவார்கள். நமக்குப் பிளேட்லெட் என்றால்தான் புரியும். இரத்த அறிக்கையில் இது பொதுவாக 150 முதல் 400 வரை இருக்கும். காயம் பட்ட இடத்தில் இரத்தத்தை உறைய வைப்பதும், புண் ஆறத் தூண்டும் புரதங்களை வெளியிடுவதும் இதன் வேலை.

கையிலிருந்து சிறிது இரத்தம் எடுத்து, இயந்திரத்தில் வேகமாகச் சுழற்றுவார்கள். கனமான சிவப்பணுக்கள் அடியில் தங்கும். மேலே மஞ்சள் நிற நீர் நிற்கும். பிளேட்லெட் செறிந்த பகுதியைப் பிரித்து மூட்டிலோ தசைநாரிலோ ஊசியாகப் போடுவார்கள். இரத்தம் உங்களுடையது என்பதால் ஒவ்வாமை வருவது அரிது.

பலன் உண்டா?

ஆஸ்திரேலியாவில் 50 வயதுக்கு மேற்பட்ட, முட்டி தேய்ந்த 288 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2021-இல் வெளியானது. பாதிப் பேருக்கு வாரம் ஒன்றாக மூன்று பி.ஆர்.பி. ஊசி, மற்றவர்களுக்கு வெறும் உப்புநீர் ஊசி. யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியாது. ஓராண்டு கழித்துப் பார்த்தால் இரு தரப்புக்கும் வலி குறைந்திருந்தது. குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. குருத்தெலும்பு தேய்வதையும் பி.ஆர்.பி. தடுக்கவில்லை.

"எனக்குக் குணமானது" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது பொய்யல்ல. முட்டி வலி தானாகவே ஏறும், இறங்கும், உப்புநீருக்கும் குறைந்ததல்லவா? சில ஆய்வுகளில் பி.ஆர்.பி. நல்ல பலன் தந்ததும் உண்டு. ஆனால் குருத்தெலும்பு புதிதாக வளரும் என்று உறுதி சொல்பவரை நம்பாதீர்கள். முழங்கை, குதிகால் தசைநார் வலிக்கும் நல்ல ஆய்வுகள் பெரிய பலனைக் காட்டவில்லை.

அப்படியும் போட நினைத்தால், ஒரு ஊசிக்கு எவ்வளவு, மொத்தம் எத்தனை ஊசி என்று முதலிலேயே கேளுங்கள். மருத்துவர் மலேசிய மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்றவரா என்றும் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், இனிப்புநீர் கட்டுப்படாதவர்கள், பிளேட்லெட் குறைவானவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஊசிக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் வலி கூடுவது வழக்கம். முட்டி சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

செலவில்லாத வழியும் உண்டு. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும் வரை பிடித்து இறக்குங்கள். காலுக்குப் பத்து முறை, காலை மாலை. தொடைத் தசை வலுப்பட்டால் முட்டியின் பாரம் குறையும். பருமனானவர்கள் உடல் எடையில் ஒரு கிலோ குறைத்தால், ஒவ்வொரு அடிக்கும் முட்டியின் மேல் விழும் பாரம் ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது.

வலி ஆறு வாரத்துக்கு மேல் நீடித்தால் அரசாங்கக் கிளினிக் கெசிஹாத்தானுக்குச் செல்லுங்கள். மைகார்டையும், சாப்பிடும் மருந்துகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள்; நாட்டு மருந்து, தேய்க்கும் எண்ணெய் உட்பட.