பூமியைச் சுற்றும் ஆராய்ச்சிக்கூடம்: தீவுகளில் வாழ்வோர்க்கு அதனால் பயன் யாது?

2014ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் தேதியன்று, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பெற்ற ஆளில்லாக் கலம் ஒன்று, சுமார் 20 நிமிடங்களில் அந்தமான் தீவுகளை அடுத்த கடலில் பாராசூட்டுகளின் துணையால் வந்து இறங்கியது. கடலோரக் காவற்படையினர் அதனை மீட்டனர். மனிதரை விண்ணுக்கு அனுப்பிப் பத்திரமாகத் திரும்பக் கொணரும் முயற்சியில் அஃது ஒரு முன்னோட்டமாகும். 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்றுள்ள போர்ட் பிளேயரில், ராக்கெட்டுகளின் போக்கைத் தொடர்ந்து கவனிக்கும் நிலையமும் உண்டு. ஆதலின் விண்வெளி ஆராய்ச்சி இத்தீவுகளுக்குப் புதியதன்று. ஆயினும், “கோடைக்குக் குடிநீர் போதவில்லை, விண்ணில் ஆராய்ச்சி எதற்கு?” என்று ஒருவர் கேட்பாராயின், அக்கேள்வி நியாயமானதே. அதற்குத் தக்க விடை கூறுதல் ஆசிரியர்க்கும் களப் பணியாளர்க்கும் கடமையாகும்.

எடையின்மை என்பது யாது?

சர்வதேச விண்வெளி நிலையம் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில், 90 நிமிடங்களுக்கு ஒரு முறை பூமியைச் சுற்றி வருகின்றது. 2000ஆம் ஆண்டு நவம்பர் முதல் அதில் மனிதர் இடைவிடாது தங்கி வருகின்றனர். அவ்வுயரத்தில் பூமியின் ஈர்ப்பு இல்லை என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. தரையில் உள்ள ஈர்ப்பில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு அங்கும் உண்டு. நிலையமும் அதிலுள்ள பொருள்களும் ஒருங்கே பூமியை நோக்கி விழுந்துகொண்டே இருக்கின்றன. பக்கவாட்டு வேகம் மிகுதியாதலால் தரையைத் தொடாமல் சுற்றி வருகின்றன. எடையின்மை தோன்றுவது இதனாலேயே.

வகுப்பறையில் இதனை எளிதில் விளக்கலாம். ஒரு தகரக் குவளையின் அடியில் சிறு துளையிட்டு நீர் நிரப்பினால் நீர் ஒழுகும். குவளையைக் கைவிட்டு விழச் செய்தால், விழும் நேரம் முழுதும் ஒழுக்கு நின்றுவிடும். நீரும் குவளையும் ஒரே வேகத்தில் விழுவதே காரணம். அக்கணநேர நிலையை மாதக்கணக்கில் அளிப்பதே சுற்றும் ஆராய்ச்சிக்கூடத்தின் சிறப்பு.

நீரைத் திரும்பப் பெறுதல்

அந்தமான் நிகோபாரில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கின்றது. எனினும் சரிவான குன்றுகளில் விழும் நீர் விரைந்து கடலைச் சேர்ந்துவிடுவதால், ஜனவரி முதல் ஏப்ரல் வரை தட்டுப்பாடு நேர்கின்றது. விண்வெளி நிலையமோ மழையே இல்லாததொரு தீவு. அங்கு மூச்சிலும் வியர்வையிலும் வெளியாகும் ஈரமும், சிறுநீரும் திரட்டப்பெறுகின்றன. சிறுநீர் வாலையில் வடிக்கப்படுகின்றது. எடையின்மையில் ஆவியும் திரவமும் தாமே பிரியாவாதலின் வாலையின் உருளை சுழற்றப்படுகின்றது. பின்னர் வடிகட்டிகளிலும் வினையூக்கிக் கலத்திலும் மாசு நீக்கி, கிருமி வளராதிருக்க அயோடின் சேர்க்கப்படுகின்றது. இம்முறையால் 2023ஆம் ஆண்டில் நூற்றுக்கு 98 பங்கு நீரை மீட்க முடிந்தது.

அவ்வியந்திரத்தை அவ்வாறே ஒரு சிற்றூரில் நிறுவுதல் இயலாது; செலவு மிகுதி. ஆனால் அதன் வடிகட்டும் முறைகள் தரையிலும் பயன்பட்டுள்ளன. சிறிய இடத்தில், குறைந்த மின்சாரத்தில் நீரைத் தூய்மை செய்யும் ஆராய்ச்சி, தொலைவான தீவுகளுக்கே முதற்கண் உதவும். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையில் கிணறுகளில் உப்புநீர் புகக் கண்டவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

பயிரும் விதையும்

2024 டிசம்பர் 30ஆம் தேதி ஏவப்பெற்ற பி.எஸ்.எல்.வி. சி-60 ராக்கெட்டின் நான்காம் அடுக்கு, பணி முடிந்தபின் விண்ணிலேயே சிறு ஆராய்ச்சிக்கூடமாகப் பயன்பட்டது. அதிலிருந்த காராமணி விதைகள் நான்கு நாட்களில் முளைத்து, பின்னர் இலையும் விட்டன. 2025 ஜூன், ஜூலை மாதங்களில் சர்வதேச நிலையத்திற்குச் சென்ற இந்திய வீரர் சுபான்ஷு சுக்லா, பச்சைப் பயறு, வெந்தயம் ஆகியவற்றை அங்கு முளைக்கச் செய்தார். தரையில் வேர் கீழ்நோக்கிச் செல்வது ஈர்ப்பினால். எடையின்மை நிலையில் ஈரமும் ஒளியும் வேரை எவ்வாறு நடத்துகின்றன என்று தனித்து அறிய முடிகின்றது.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். விண்ணுக்குச் சென்று வந்ததாலேயே ஒரு விதை அதிக விளைச்சல் தந்துவிடாது. பல தலைமுறைகள் பயிரிட்டுச் சோதித்த பின்னரே அதன் குணம் தெரியும். “விண்வெளி விதை” என்று கூறி யாரேனும் அதிக விலைக்கு விற்க முற்படின், விவசாயிகளுக்கு இதனை எடுத்துரைத்தல் வேண்டும்.

எலும்பும் தசையும்

தக்க உடற்பயிற்சி இல்லாவிடின் விண்வெளி வீரரின் இடுப்பெலும்பு மாதந்தோறும் நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேல் தன் செறிவை இழக்கும். முதுமையில் ஆண்டுக்கணக்கில் நேரும் தேய்வு அங்கு மாதங்களில் நிகழ்வதால், தடுக்கும் முறைகளை விரைவில் ஆராயலாம். நெடுநாள் படுக்கையில் கிடப்போர்க்கும் முதியோர்க்கும் பயிற்சி எத்துணை இன்றியமையாதது என்பதை இது வலியுறுத்துகின்றது.

2035ஆம் ஆண்டிற்குள் தனக்கென ஒரு விண்வெளி நிலையம் அமைக்க இந்தியா திட்டமிட்டுள்ளது. அதில் பணிபுரிவோர் இன்று பள்ளிகளில் பயில்வோரே. அந்தி வேளையிலோ வைகறையிலோ சர்வதேச நிலையம் தீவுகளின் வானைக் கடக்கும்போது, மின்னாத ஒளிப்புள்ளியாகச் சில நிமிடங்கள் கண்ணுக்குப் புலப்படும், தொலைநோக்கி வேண்டுவதில்லை. மாணாக்கரை வெளியே அழைத்துச் சென்று அதனைக் காட்டுக. அங்கே ஒரு குவளை நீரும் வீணாக்கப்படுவதில்லை என்பதையும் கூடவே கூறுக.