இரத்த அழுத்தத்திற்கும் ஒரு நாட்கணக்கு

சங்கங்களை ஆய்வு செய்யச் செல்லும்போதெல்லாம் நான் அங்கத்தினர்களுக்கு ஒன்றை நினைவூட்டுவதுண்டு. ஆண்டுக்கொருமுறை நடைபெறும் தணிக்கை, அன்றாடம் எழுதவேண்டிய ரொக்கப் புத்தகத்திற்கு ஈடாகாது என்பதே அது. இவ்வுண்மை நம் தேகத்திற்கும் பொருந்தும் என்பதை என் தகப்பனாரின் நோயிலிருந்து அறிந்துகொண்டேன்.

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்திற்கும் இடையேயுள்ள கிராமமொன்றில் அவர் நெல் பயிரிட்டு வந்தார். பக்கவாதம் கண்டு அவருடைய வலக்கையும் வலக்காலும் தளர்ந்தன. சிகிச்சைக்குப்பின் கோலூன்றி நடக்கத் தொடங்கினார். சில மாதங்கள் சென்றதும், "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது" என்று எண்ணி, எங்களுக்குத் தெரியாமலே அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்டார். தலைவலி இல்லை, மயக்கம் இல்லை. ஆகவே எவருக்கும் ஐயம் எழவில்லை. வீட்டிற்கு வாங்கிவந்த கருவியில் ஒருநாள் பார்த்தபோது 174/102 என்று காட்டிற்று. மறுநாளும் ஏறக்குறைய அதே அளவு. உடனே வைத்தியரிடம் அழைத்துச் சென்றோம். மாத்திரை மீண்டும் தொடங்கியது.

உயர்ந்த இரத்த அழுத்தம் பெரும்பாலும் எவ்வித அடையாளமும் காட்டுவதில்லை. ஒருமுறை பக்கவாதம் கண்டவருக்கு அது மறுபடி வரக்கூடும். அதற்கு முக்கிய காரணம் இவ்வழுத்தமே. பக்கவாதமோ அதன் முன்னறிகுறியோ கண்ட 6,105 பேரைச் சுமார் நான்கு ஆண்டுகள் கவனித்து, 2001-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று, அழுத்தத்தைக் குறைக்கும் மருந்து உண்டவர்களிடையே அடுத்த பக்கவாதம் 28 சதவீதம் குறைந்ததாகக் காட்டியது. மாத்திரையின் பயன் எண் குறைவதோடு முடிவதில்லை. மீண்டும் படுக்கையில் விழாமலிருப்பதே அதன் பயன். எண் நன்றாயிருப்பது மாத்திரை வேலை செய்வதற்குச் சாட்சி. அதை நிறுத்துவதற்கு அனுமதியன்று.

இனி, அளக்கும் முறையைக் கூறுவோம். மணிக்கட்டில் கட்டும் கருவியைவிட மேற்கையில் பட்டை சுற்றும் தானியங்கிக் கருவியே நம்பத்தக்கது. பட்டை கையின் பருமனுக்கு ஏற்றதாயிருத்தல் வேண்டும். அளப்பதற்கு அரைமணி முன்பிருந்தே காபி, தேநீர், புகையிலை, கடினமான உழைப்பு ஆகியவற்றைத் தவிர்க்கவேண்டும். தறியைவிட்டு எழுந்தவுடனோ, வயலிலிருந்து வந்தவுடனோ அளப்பது தவறு. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய நாற்காலியில் அமர்ந்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, கால்மேல் கால் போடாமல் ஐந்து நிமிஷம் அமைதியாக இருக்கவேண்டும். கையை மேசைமீது நெஞ்சின் உயரத்தில் வைத்து, துணியின்மேல் அன்றி வெறுங்கையில் பட்டையைக் கட்டவேண்டும். அளக்கும்போது பேசலாகாது. பக்கவாதத்தால் தளர்ந்த கையில் அளவு பிழைபடக்கூடுமாதலால் நலமாயுள்ள கையிலேயே அளக்கவேண்டும்.

காலையில் மாத்திரைக்கும் உணவுக்கும் முன்பு இருமுறை, மாலையில் இருமுறை, ஒவ்வொரு முறைக்கும் ஒரு நிமிஷ இடைவெளியுடன் அளந்து, தேதியும் நேரமும் இட்டு எழுதுக. ஏழு நாட்கள் எழுதி, முதல் நாளை நீக்கி, மற்றவற்றின் சராசரியை எடுத்தால் உண்மை நிலை விளங்கும். வீட்டில் அளக்கும்போது சராசரி 135/85 அல்லது அதற்கு மேலாயின் அது உயர்ந்த அழுத்தமாகும். பக்கவாதம் கண்டவர்க்கு 130/80-க்குக் கீழ் இருக்கவேண்டுமென்று வைத்தியர்கள் பொதுவாக விரும்புவர். ஆயினும் அவரவர்க்குரிய அளவை வைத்தியரே கூறவேண்டும். ஒரு பதிவைக் கண்டு அஞ்சி நாளெல்லாம் அளந்துகொண்டிருப்பதும், தாமாகவே மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் கூடா. நாடித்துடிப்பு ஒழுங்கற்றவர்க்குக் கருவி தவறாகக் காட்டக்கூடும். அத்தகையோர் அதை வைத்தியரிடம் கூறுதல் வேண்டும்.

முகம் ஒருபுறம் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றுள் ஒன்று திடீரெனத் தோன்றினால், கருவியைத் தேடவேண்டாம். உடனே 108-ஐ அழைக்கவேண்டும். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்திற்குள் செலுத்தவேண்டியிருக்கிறது. இவ்வறிகுறிகள் இல்லாமல் 180/120-க்கு மேல் காட்டினால், ஐந்து நிமிஷம் ஓய்ந்து மறுபடி அளக்கவேண்டும். அப்போதும் அவ்வாறே இருந்தால் அன்றே வைத்தியரைக் காணவேண்டும்.

நம் அரசு 2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தின்கீழ், பெண் தன்னார்வலர் வீடு தேடிவந்து அழுத்தம் பார்த்து மாத்திரையும் தருகிறார். அவ்வருகைகளுக்கு இடைப்பட்ட நாட்களின் கணக்கை எழுதவேண்டியவர் குடும்பத்தினரே. ஆலையில் முறைவேலைக்குச் செல்லும் பிள்ளைகள் வீட்டில் இல்லாத நேரமும் உண்டு. எங்கள் வீட்டில் என் தாயாரே அளந்து எழுதுகிறார். அடுத்தமுறை சென்றபோது வைத்தியர் அந்தக் குறிப்பேட்டைப் பார்த்துவிட்டுத்தான் மருந்தின் அளவைத் தீர்மானித்தார்.

கருவி வாங்க இயலாத அங்கத்தினர்க்காக, விதிகள் இடந்தருமாயின், சங்கம் தன் பொது நன்மை நிதியிலிருந்து ஒன்றை வாங்கி அலுவலகத்தில் வைக்கலாம். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இதனை ஆலோசனைக்கு எடுத்துக்கொள்வீர்களாக. பொறுப்பைப் பகிர்ந்துகொள்வதன்றோ கூட்டுறவு!