குட்டி யானையின் இழுவையும் டாப்பெட் இடைவெளியும்

வளவனூர்க் கடைத்தெருவில் வியாபாரம் செய்பவருக்கு ஒரு பக்கம் விழுப்புரம், மறுபக்கம் புதுச்சேரி. அரிசி மூட்டை, எண்ணெய் டின், வெல்லம் எல்லாவற்றுக்கும் முன்பு வாடகை வண்டியை எதிர்பார்த்திருந்தோம். 2005-ஆம் ஆண்டு டாட்டா ஏஸ் வந்த பிறகு நம் வணிகர்களில் பலர் சொந்த வண்டிக்கு மாறினார்கள். மக்கள் அதற்கு வைத்த பெயர் குட்டி யானை. இண்டிகா காரின் நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சினைப் பாதியாக வெட்டியதுபோல் இரண்டு சிலிண்டர், 702 சி.சி., 16 குதிரைத் திறன். முதலில் வந்த வண்டிக்கு ஏற்றலாம் என்று சொன்ன பாரம் 750 கிலோ.

சில வருடம் ஓடியதும் வண்டி மேட்டில் திணறுகிறது, காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கிறது. அப்போதுதான் யோசனை சொல்ல ஆள் வருவார்கள்: "கேம் ஷாஃப்டை மாற்றுங்கள், ஸ்டிராங்கான வால்வு ஸ்பிரிங் போடுங்கள், வண்டி பறக்கும்." பணத்தை எடுப்பதற்கு முன் விஷயத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

எஞ்சினுக்குள் காற்றை விடுவதும் புகையை வெளியேற்றுவதும் வால்வுகள். கேம் ஷாஃப்ட் சுழன்று அவற்றைத் திறக்கிறது, ஸ்பிரிங் மூடுகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடினால் ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. கடினமான ஸ்பிரிங்கும் பெரிய கேமும் அமெரிக்காவில் வி-8 பெட்ரோல் பிக்கப் வண்டிகளை 6,000 சுற்றுக்கு மேல் விரட்டுகிறவர்களுக்கு உதவும். அந்த வேகத்தில் ஸ்பிரிங் தளர்ந்தால் வால்வு நேரத்துக்கு மூடாது. நம் டீசல் வண்டியோ அத்தனை சுற்று போவதே இல்லை. நமக்கு வேண்டியது மூட்டையோடு மெதுவாக மேடேறும் இழுவை. ரேஸ் கேம் போட்டால் குறைந்த சுற்றில் அந்த இழுவைதான் முதலில் போகும். டீசலில் பிஸ்டன் மேலே வரும்போது வால்வுக்கும் அதற்கும் இடையே மிகக் குறைந்த இடமே உண்டு. வால்வு கொஞ்சம் அதிகம் இறங்கினாலும் பிஸ்டனில் இடிக்கும். அப்புறம் ஹெட்டோடு செலவு.

உண்மையில் இழுவை போன வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டியவற்றில் ஒன்று டாப்பெட் இடைவெளி. மில்லிமீட்டரில் பத்தில் இரண்டு மூன்று பங்குதான். இது கூடினால் "டக் டக்" சத்தம் கேட்கும், வால்வு தாமதமாகத் திறக்கும், காற்று குறையும், கரும்புகை வரும். குறைந்தால் சத்தமே வராது. அதுதான் ஆபத்து. சூடேறியதும் வால்வு முழுக்க மூடாமல் கம்ப்ரஷன் கசியும். புகை வால்வு தன் சூட்டைத் தலைமாட்டில் உள்ள சீட்டில் ஒட்டித்தான் இறக்குகிறது. ஒட்டாவிட்டால் ஓரம் கருகும். சத்தமில்லாத வண்டி நல்ல வண்டி என்று எண்ணுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

ஃபீலர் கேஜ் வைத்து, கம்பெனி மேனுவலில் சொன்ன அளவுக்குச் செட் செய்யச் சொல்லுங்கள். காதால் கேட்டு முடுக்குவது போதாது. சில எஞ்சின்களில் ஹைட்ராலிக் டாப்பெட் இருக்கும். அவற்றில் இடைவெளி வைக்கும் வேலையே இல்லை. செட் செய்தும் கம்ப்ரஷன் வராவிட்டால் ஹெட்டை இறக்கி வால்வு, சீட் இரண்டையும் லேத்துப் பட்டறையில் கிரைண்டிங் செய்து, கைடு தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். நீலப் புகையும் ஆயில் குறைவதும் கைடு, வால்வு சீல் தேய்ந்ததைக் காட்டலாம், பிஸ்டன் ரிங் தேய்ந்ததையும் காட்டலாம். வால்வு வாங்க வெளிநாட்டுச் சரக்கைத் தேட வேண்டாம். 1959 முதல் சென்னையில் வால்வு செய்யும் தொழில் உண்டு. டைமிங் பெல்ட் உள்ள வண்டியில் பெல்ட்டை அதன் கெடுவுக்குள் மாற்றிவிடுங்கள். அறுந்தால் வால்வு வளையும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். தினம் 90 கிலோமீட்டர் ஓடும் வண்டி லிட்டருக்கு 18 கொடுத்தால் 5 லிட்டர், 15 கொடுத்தால் 6 லிட்டர். மாதம் 25 நாள் என்றால் வருடத்தில் 300 லிட்டர் அதிகம். லிட்டர் 90 ரூபாய் என்றே வைத்தாலும் 27,000 ரூபாய். புதுச்சேரியில் டீசல் மலிவு என்று அங்கே போய் நிரப்புகிறோம், வால்வு வழியாகப் போவதை விட்டுவிடுகிறோம்!

பாரம் பற்றியும் சொல்ல வேண்டும். இழுவை போதவில்லை என்று சொல்லும் வண்டிகளில் சில, அனுமதித்ததைவிட இருமடங்கு மூட்டையைச் சுமக்கின்றன. 2019 திருத்தத்துக்குப் பின் அதிக பாரத்துக்குச் சட்டப்படி அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன்னுக்கு மேலும் 2,000. வண்டியின் மூல அமைப்பை அனுமதியின்றி மாற்றுவதும் மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம்.

வேலை முடிந்ததும் பழைய வால்வுகளைத் திருப்பிக் கேட்டு வாங்குங்கள். ஓரம் கருகியிருக்கிறதா என்று கண்ணால் பார்க்கலாம். ஜி.எஸ்.டி. எண்ணோடு பில்லும் வாங்குங்கள். சரக்கு வண்டியின் ரிப்பேர் வரியை உள்ளீட்டு வரவாக எடுக்க வழி உண்டு. காம்போசிஷன் திட்டத்தில் உள்ளவர்களுக்கு அது கிடைக்காது. மற்றவர்கள் தங்கள் ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ளவும்.